தன் கோபம் தனக்குத் தெரியாது: நமது தலைமைத்துவப் பயிற்சி நூல்கள் மீதான ஒரு விமர்சனம்

அண்மைக்காலமாக நமது ஊர்களில் தலைமைத்துவப் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. மாணவத் தலைவர்களுக்கு ஒரு செயலமர்வு, இளைஞர் கழகத்துக்கு ஒன்று, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒன்று என்று நடந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொன்றோடும் ஒரு கையேடு. அட்டையில் மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஒரு மனிதர். உள்ளே சுயவிழிப்புணர்வு, உணர்வு முகாமைத்துவம், பிறர் உணர்வறிதல் என்று தலைப்புகள். இந்நூல்களை நாம் இலக்கியமாகக் கருதுவதில்லை, ஆகவே விமர்சிப்பதுமில்லை. ஆனால் நமது சமூகத்தில் கவிதை நூல்களைவிட அதிகம் கைமாறுபவை இவைதான். ஆகவே இவற்றையும் வாசித்துப் பார்க்கும் கடமை நமக்குண்டு.

இந்த எண்ணம் புல்மோட்டையில் நான் கலந்துகொண்ட ஒரு செயலமர்வில்தான் உண்டானது. வளவாளர் எல்லோருக்கும் வர்ணத் தாள் கொடுத்து, தத்தமது பலம் ஐந்தையும் பலவீனம் ஐந்தையும் எழுதச் சொன்னார். பலம் எழுதுவதில் யாருக்கும் சிரமமிருக்கவில்லை. பலவீனத்தின் கீழே வந்தவைதான் வேடிக்கை. "எல்லோரையும் நம்பிவிடுவேன்", "அளவுக்கு மீறி இரக்கப்படுவேன்", "எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வேன்". புகழையே பலவீனத்தின் வேஷத்தில் எழுதியிருந்தார்கள். நான் எழுதியதும் அப்படியானதுதான்.

பின்வரிசையில் ஒரு கரைவலைச் சம்மாட்டி இருந்தார். அவரது தாள் வெறுமையாகவே இருந்தது. வளவாளர் காரணம் கேட்டார். "தம்பி, எனக்குக் கோவம் வாற நேரம் அது கோவமெண்டு எனக்கு விளங்காது. நியாயம் பேசுற மாதிரித்தான் இரிக்கும். என்ட கோவத்தப் பத்தித் தெரியணுமெண்டா வலை இழுக்கிற பொடியனுகளத்தான் கேக்கணும்" என்றார். மண்டபம் சிரித்தது. வளவாளரும் சிரித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்.

அன்று சொல்லப்பட்டவற்றில் மிகவும் கனமான வார்த்தை அதுதான் என்பது என் கருத்து. தன்னையறிதல் தனியே உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய காரியமல்ல. நமது குறையை முதலில் அறிபவர்கள் நமக்குக் கீழே இருப்பவர்கள். கடைசியில் அறிபவர் நாம். இந்த ஒரு உண்மையை நமது பயிற்சி நூல்கள் ஏறக்குறைய முழுமையாகத் தவறவிட்டுவிட்டன.

முதலில் நியாயமாக அவற்றின் பங்களிப்பைச் சொல்லிவிட வேண்டும். 'உணர்வு நுண்ணறிவு' என்ற கருத்தை 1990இல் பீட்டர் சலோவி, ஜோன் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரையறுத்தார்கள். 1995இல் டானியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. 1998இல் ஒரு முகாமைத்துவச் சஞ்சிகையில் அவர் தலைவருக்கு வேண்டிய ஐந்து அம்சங்களை வரிசைப்படுத்தினார்: சுயவிழிப்புணர்வு, சுயகட்டுப்பாடு, ஊக்கம், பிறர் உணர்வறிதல், சமூகத் திறன். நமது கையேடுகள் பெரும்பாலும் இந்த ஐந்தின் தமிழாக்கமே. இதனால் ஒரு நன்மை விளைந்தது. பரீட்சைப் புள்ளியே அறிவு என்றிருந்த ஒரு சமூகத்தில், உணர்வும் பயிற்றுவிக்கப்பட வேண்டியது என்ற பேச்சு வந்தது. தனது உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் கதவை அடித்துச் சாத்தும் இளைஞனுக்கு, "இது கோபமா, அவமானமா, பயமா?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தது சிறிய உதவியல்ல.

குறை எங்கே என்றால், இந்நூல்களில் உணர்வுத்திறன் என்பது வெற்றிக்கான கருவியாக நின்றுவிடுகிறது. அடுத்தவரின் மனதை வாசிக்கத் தெரிந்தவர் அவரைத் தேற்றவும் முடியும், ஏய்க்கவும் முடியும். தேர்தல் மேடையில் எந்த ஊரில் எந்தக் காயத்தைத் தொட்டால் கண்ணீர் வரும் என்று அறிந்து பேசுபவருக்கு உணர்வறியும் திறனில் என்ன குறை? அவருக்கில்லாதது திறனல்ல, அமானிதம். இந்த வேறுபாட்டைப் பேசாத நூல், தலைவரை உருவாக்கும் அளவுக்கே தந்திரக்காரரையும் உருவாக்கும்.

இதற்கு மறுபுறம், "இதெல்லாம் நமது மார்க்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லும் நூல்களும் உண்டு. கோல்மனின் ஐந்து தலைப்புகளுக்கும் மேலே ஒவ்வொரு ஆயத்தை ஒட்டிவிட்டு, உள்ளே அதே சரக்கை வைப்பது இவற்றின் வழக்கம். பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறிவிடாது. ஏற்கெனவே இருக்கிறது என்பது உண்மையானால், இருப்பதைத் திறந்து வாசித்திருக்க வேண்டும்.

திறந்து பார்த்தால் என்ன கிடைக்கிறது? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த ஹாரிஸ் அல் முஹாஸிபி (ரஹ்) அவர்களின் பெயரே முஹாஸபா என்ற சுயவிசாரணையிலிருந்து வந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் நாற்பது பாகங்களில் கோபம், வெறுப்பு, பொறாமை ஆகியவற்றுக்கு ஒன்று, பதவியாசைக்கும் முகஸ்துதிக்கும் ஒன்று, பெருமைக்கு ஒன்று, முஹாஸபாவுக்கு ஒன்று எனத் தனித்தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் நஃப்ஸைப் பயிற்றுவிக்கும் இருபத்திரண்டாம் பாகத்தில், ஒரு மனிதன் தன் குறையை அறிய நான்கு வழிகளைச் சொல்கிறார்கள். உள்ளத்தின் நோயறிந்த ஒரு ஆசானிடம் தன்னை ஒப்படைப்பது முதலாவது. உண்மை பேசும் நண்பனைத் தனக்குக் கண்காணியாக வைத்துக்கொள்வது இரண்டாவது. எதிரியின் வாயிலிருந்து தன் குறையைப் பொறுக்கியெடுப்பது மூன்றாவது. மக்களோடு கலந்து பழகி, பிறரிடம் காணும் குறை தன்னிடமும் உண்டா என்று தேடுவது நான்காவது.

கவனியுங்கள்: நான்கிலுமே இன்னொரு மனிதர் இருக்கிறார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுத் தன்னைக் கண்டுகொள்ளும் வழி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கரைவலைச் சம்மாட்டி சொன்னதும் இதைத்தான். கஸ்ஸாலி இமாமை வாசித்துவிட்டுச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. பொடியனுகளின் முகத்தில் வாசித்திருக்கலாம்.

இமாமவர்கள் இதை ஏட்டளவில் மட்டும் எழுதியவரல்லர். பக்தாதின் நிழாமிய்யா கலாபீடத்தில் அக்காலத்தின் மிகப் பெரிய ஆசிரியப் பதவியில் இருந்தபோது, தான் போதிப்பது அல்லாஹ்வுக்காகவா புகழுக்காகவா என்று தன்னையே விசாரித்தார்கள். வந்த பதில் அவர்களை உலுக்கியது. நாவு கட்டிக்கொண்டது; பாடம் நடத்த முடியவில்லை; உணவு இறங்கவில்லை. 1095இல் பதவியை விட்டு வெளியேறினார்கள். பிற்காலத்தில் எழுதிய 'அல் முன்கித்' நூலில் இதை ஒளிக்காமல் பதிவு செய்தார்கள். சுயவிழிப்புணர்வு என்பது சில வேளை கதிரையின் விலையைக் கேட்கும். நமது கையேடுகளில் அது எப்போதும் கதிரையைப் பெற்றுத் தருவதாக மட்டுமே வருகிறது.

பிறர் சொல்லைக் கேட்பது தலைவரின் மதிப்பைக் குறைக்குமா? ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு ஹுதைபிய்யாவை நினைத்துப் பார்ப்போம். உம்றாவுக்குப் புறப்பட்டு வந்தவர்கள் மக்காவுக்குள் நுழைய முடியாமல், தமக்குப் பாதகமாகத் தோன்றிய ஓர் உடன்படிக்கையோடு திரும்ப வேண்டியிருந்தது. உமர் (ரலி) போன்றவர்களே கலங்கிப்போனார்கள். எழுந்து குர்பானி கொடுத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் எவரும் எழவில்லை. அவர்கள் கூடாரத்துக்குச் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் செய்யுங்கள் என்பது அந்த அம்மையாரின் ஆலோசனை. நபியவர்கள் அப்படியே செய்தார்கள். கண்டவர்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

உம்மு ஸலமா (ரலி) அங்கே வாசித்தது கூட்டத்தின் மனதை. அது மாறுசெய்யும் மனமல்ல, ஏமாற்றத்தில் உறைந்துபோன மனம். அதற்குக் கட்டளையைவிட முன்மாதிரி வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். அதைவிடப் பெரிய பாடம், வஹீ வரும் ஒரு தூதர் அந்த ஆலோசனையைக் கேட்டார்கள் என்பது. உஹதிலும் அப்படித்தான். பெரும்பான்மையின் கருத்துப்படி வெளியே சென்று போரிட்டு இழப்பு நேர்ந்த பின்னர் இறங்கிய ஆலஇம்ரான் 159ஆம் வசனம், மென்மையையும் மன்னிப்பையும் சொல்லிவிட்டு, அவர்களோடு மஷூரா செய்யும்படியே பணிக்கிறது. ஆலோசனை ஒருமுறை கைகொடுக்கவில்லை என்பதால் கதவு சாத்தப்படவில்லை.

நமது அண்மைய வரலாற்றில், தன்னை எழுத்தில் வைத்து வாசகர் பார்வைக்குக் கொடுத்த தலைவர்கள் மிகக் குறைவு. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் 1999இல் 'நான் எனும் நீ' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். மறு ஆண்டு செப்டம்பர் 16இல் அரநாயக்க ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அவரது அரசியல் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்துகள் இருக்கட்டும். 'நான்' என்பது தனித்து நிற்பதல்ல, உன்னிடமிருந்து பெறப்படுவது என்று ஒரு நூலுக்குத் தலைப்பிடத் தோன்றிய மனம் கவனிக்கத்தக்கது. அவருக்குப் பின் வந்தவர்களிடம் 'நான்' இருக்கிறது. 'நீ' எங்கே போனது?

இது ஏட்டு விவகாரமாக நின்றுவிடக்கூடியதல்ல. புல்மோட்டையையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்புக்கு அண்மையில் உள்ள ஊர். முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் மூவரும் வாழும் குச்சவெளிப் பிரதேசம். கடல், காணி, கனிய மணல் மூன்றுமே பேச்சுவார்த்தைக்கு உரியவை. வாடி போடும் இடம், காட்டுக்கும் காணிக்கும் இடையிலான எல்லை, தொழிற்சாலையில் வேலை என்று எதற்கும் அதிகாரிகளின் மேசைக்குப் போக வேண்டும். அங்கே நமது சார்பில் போகிறவர் கோபத்தில் உதிர்க்கும் ஒரு வார்த்தைக்கு முழு ஊரும் வருடக்கணக்கில் விலை கொடுக்கும்.

அதைவிட நுட்பமானது காயங்களின் விஷயம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததும் நமது நினைவில் இருக்கின்றன. 2009இல் வன்னியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட காயப்பட்ட தமிழ் மக்களுக்கு, இந்திய மருத்துவக் குழுவின் கள வைத்தியசாலை இயங்கியது இதே புல்மோட்டையில்தான். ஒரே கரையில் இரண்டு நினைவுகள். தன் காயத்தை அறியாத தலைவர் அடுத்தவரின் காயத்தைப் போட்டியாகத்தான் பார்ப்பார். அறிந்தவரால்தான் "உங்களுக்கும் வலித்திருக்கும்" என்று சொல்ல முடியும். பிறர் உணர்வறிதல் என்பதற்கு நமது கையேடுகள் ஒரு கொம்பனி முகாமையாளரின் உதாரணத்தைத் தருகின்றன. இந்த மண்ணின் உதாரணம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

புல்மோட்டைக் கடற்கரை மணல் பார்வைக்கு ஒரே கறுப்புத்தான். தொழிற்சாலைக்குள் காந்தமும் மின்சாரமும் பட்ட பிறகுதான் இல்மனைட் வேறு, ரூட்டைல் வேறு, சிர்கோன் வேறு என்று பிரிகிறது. "சமூகத்துக்காகக் கோபப்பட்டேன்" என்று நாம் சொல்வதிலும் இப்படிப் பல கலந்திருக்கும். சமூகம் கொஞ்சம், என் சொல் எடுபடவில்லை என்ற அவமானம் கொஞ்சம், மற்றவர் முந்திவிட்டார் என்ற பொறாமை கொஞ்சம். மணல் தன்னைத் தானே பிரித்துக்கொள்வதில்லை.

இனி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்ன நான்கு கதவுகளையும் நமது சபைகளில் தட்டிப் பார்ப்போம். ஆசான்? கதீபின் சம்பளமும் வேலையும் நிர்வாகத்தின் கையில். அவர் தலைவருக்கு எப்படி நோய் சொல்வார்? உண்மை பேசும் நண்பன்? அவர் அடுத்த தெரிவில் பட்டியலில் இருக்க மாட்டார். எதிரி? அவர் சொல்வது எல்லாம் சூழ்ச்சி. மக்களோடு கலப்பது? ஜும்ஆ முடிந்து ஸலாம் சொல்வதோடு சரி. உம்மு ஸலமா (ரலி) அவர்களை மேடையில் புகழ்கிறோம். மஷூராவில் பெண்களின் கருத்தைக் கேட்பதற்கு எத்தனை ஊரில் ஏற்பாடு இருக்கிறது? 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம் பள்ளிவாசலின் காசுக்குக் கணக்குக் கேட்கிறது. மனதுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் நமது மார்க்கத்தில் இருந்தும் நமது ஊரில் இல்லை.

"இப்படி எல்லோரும் தலைவரைக் குறை சொல்ல விட்டால் நிர்வாகம் நடக்குமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நஸீஹத்துக்கும் நையாண்டிக்கும் வித்தியாசமுண்டு. சந்தியிலும் முகநூலிலும் தலைவர்களைக் கிழிப்பது நஸீஹத் அல்ல. ஆனால் உள்ளே சொல்ல இடமில்லாததால்தான் அது வெளியே வெடிக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே எனது ஆலோசனை மிகச் சிறியது. அடுத்த முறை செயலமர்வு நடத்துபவர்கள் அந்த வர்ணத் தாளைத் தலைவர்களிடம் கொடுக்க வேண்டாம். தலைவரின் குறை ஐந்தை எழுதும்படி முஅத்தினிடமும், சங்கத்தின் கடைசி அங்கத்தவரிடமும், வீட்டில் இருப்பவர்களிடமும் பெயர் போடாமல் வாங்கட்டும். தலைவர் அதை வாசிக்கட்டும். அன்றைக்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போகட்டும். பதில் சொல்லாமல் இருப்பதே முதல் பயிற்சி. கையேடு எழுதுபவர்கள் அதிலிருந்து தமது முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.

சம்மாட்டியின் வெற்றுத் தாள் அன்று குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். அந்த மண்டபத்தில் பொய் எழுதப்படாத தாள் அது ஒன்றுதான்.