நூறு மதிப்பெண்ணில் விஜயராகவன்

ஒரு அட்டவணையை இலக்கிய விமர்சகர் மாதிரி உட்கார்ந்து படித்ததுண்டா? போன வாரம் நான் படித்தேன். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது நம்ம யுஜிசி, 2018 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிமுறைகளில் '3ஏ' என்று ஒரு அட்டவணை இருக்கிறது. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு யாரை நேர்முகத்துக்குக் கூப்பிடலாம் என்று வடிகட்டுகிற சல்லடை அது. மொத்தம் 100 மதிப்பெண்.

இளநிலைப் பட்டத்துக்கு 15, முதுநிலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஜேஆர்எஃப்புடன் நெட் தேறியிருந்தால் 7, கட்டுரைகளுக்கு 10, அனுபவத்துக்கு 10, விருதுக்கு 3. எம்.ஃபில்லுக்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் முனைவர் பட்டத்தோடு சேர்த்து 30-ஐத் தாண்டக் கூடாது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். உள்ளே போங்கள். இளநிலையில் 60 விழுக்காடு எடுத்தவருக்கும் 79 எடுத்தவருக்கும் ஒரே 13. 59 எடுத்தால் 10. பத்தொன்பது வயதில் ஒரு பருவத் தேர்வில் காய்ச்சலோடு எழுதிய பையன் 3 மதிப்பெண் இழக்கிறான். ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 2 மதிப்பெண்தான். ஆக, அந்தக் காய்ச்சலின் விலை ஒன்றரைக் கட்டுரை. ஐந்து கட்டுரையோடு கணக்கு முடிந்தது. ஆறாவது கட்டுரை அந்தத் துறையையே புரட்டிப் போட்டாலும் சைபர். கற்பித்தல் அனுபவமும் அப்படித்தான்: ஆண்டுக்கு 2, ஐந்தாண்டோடு நிறுத்தம். நம்மூர் அரசுக் கல்லூரிகளில் பதினைந்து வருஷம் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளியவருக்கு, கடைசிப் பத்து வருஷத்தை இந்த அட்டவணை பார்க்கவே இல்லை.

எந்த இடத்திலும் அந்தக் கட்டுரையை யாராவது படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எண்ணினால் போதும். இதே 2018-இன் மே மாதம் யுஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. எண்ணுவதை நம்பினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை.

இதைப் படிக்கும்போது என் குறிப்பேட்டில் பல நாளாகக் கிடந்த ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. 1930-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக ஆந்த்ரே வெய் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து சேர்ந்தார். வயது 23. பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதவியலாளர்களில் ஒருவராக ஆனவர். துணைவேந்தர் ராஸ் மசூத் முதலில் பிரெஞ்சுப் பண்பாட்டுக்கு ஆள் தேடினார், பிறகு அது கணிதமாக மாறியது என்பது தனி வேடிக்கை. துறையில் ஏற்கனவே இருந்தவர்களை எடைபோடும் வேலையும் இந்த இளைஞர் தலையில் விழுந்தது. புதிதாக அவர் கூட்டிவந்தவர்களில் இருவர் முக்கியம். ஒருவர் டி. விஜயராகவன், தமிழர், ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் இருந்து வந்தவர், முனைவர் பட்டம் கிடையாது. இன்னொருவர் டி. டி. கோசாம்பி. ஹார்வர்டில் இளநிலை முடித்ததோடு சரி, அவரிடமும் முனைவர் பட்டம் இல்லை.

விஜயராகவனை 3ஏ-வில் போட்டுப் பார்த்தேன். தாராளமாகவே போட்டேன்: இளநிலை, முதுநிலை இரண்டிலும் உச்சம், கட்டுரை முழுசு, அனுபவம் முழுசு, விருதும் உண்டு என்று வைத்தாலும் 63. அறுபதுகளில் மதிப்பெண், சுமாரான ஆய்வேடு, வெறும் நெட், எண்ணிக்கைக்கு ஐந்து கட்டுரை, ஐந்தாண்டு வேலை வைத்திருக்கும் ஒருவருக்கு 91. பிசோ–விஜயராகவன் எண்கள் என்று கணிதத்தில் இன்றைக்கும் பெயர் சொல்லப்படுகிற ஆளுக்கு நேர்முகக் கடிதமே வராது. (நெட்டோ முனைவர் பட்டமோ இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது என்பதை நான் கண்டுகொள்ளவில்லை. பாவம், இருக்கட்டும்.)

இதை வைத்து 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடித்துவிட்டால் அது மோசடி. ஒரு துணைவேந்தரின் விருப்பத்தில் வந்த வெய், இரண்டே ஆண்டில் அதே மாதிரி நிர்வாக விருப்பத்தில் வெளியே அனுப்பப்பட்டார். அவருடைய நாற்காலியை விஜயராகவனுக்குத் தர முன்வந்தபோது அவர் அதை ஏற்காமல் டாக்காவுக்குப் போய்விட்டார் என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். ஆனால் எல்லா ஊரிலும் ஒரு வெய் உட்கார்ந்திருக்க மாட்டார். 2018 பிப்ரவரியில் ஆசிரியர் பணி தொடர்பான லஞ்ச வழக்கில் ஒரு துணைவேந்தரே கைதான செய்தி நமக்கு மறக்கவில்லை. சாதி, சிபாரிசு, பெட்டி என எதுவும் கையில் இல்லாமல் வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, 'உன் மதிப்பெண் இது, உன்னைக் கூப்பிட்டே ஆகணும்' என்று சொல்கிற ஒரு காகிதம் பெரிய பாதுகாப்பு. அட்டவணையைக் கேலி செய்கிறவர்களில் பலர் அந்தப் பாதுகாப்பு தேவைப்படாத வீட்டிலிருந்து வந்தவர்கள்.

அட்டவணையின் அடிக்குறிப்புதான் எனக்கு உறுத்துகிறது. இந்த மதிப்பெண் நேர்முகத்துக்கு ஆள் பொறுக்க மட்டுமே; தேர்வு முழுக்க நேர்முகத்தில் நடந்துகொள்வதைப் பொறுத்தது என்கிறது அது. அதாவது வாசல் வரைக்கும் உங்களைக் கூட்டிவந்த 100 மதிப்பெண்ணும் வாசலிலேயே காலாவதி. உள்ளே துணைவேந்தர் தலைமையில் ஒரு குழு, அதில் மூன்று பாட நிபுணர்கள், அந்த மூவரையும் பொறுக்குவதும் துணைவேந்தரே. வெளியே யாரும் படிக்காமல் எண்ணுகிறார்கள். உள்ளே எண்ணியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏன் இவர், ஏன் அவரில்லை என்று விண்ணப்பித்தவருக்கு எழுதிச் சொல்லாமல் முடிவெடுக்கலாம். கெடுபிடியின் கெடுதலும் தாராளத்தின் கெடுதலும் ஒரே இடத்தில். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கிடைத்த பாதுகாப்பு நேர்முக அறைக்கதவு வரைதான்.

வேலைக்கு எடுத்த பிறகான வழிகாட்டலுக்கும் இதே கண்தான். புதியவர்களுக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி இருக்கிறது, 'குரு தக்ஷதா' என்று 2019-இல் வழிகாட்டிக் கையேடும் போட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மூத்தவர் இளையவரை வளர்ப்பதை விதிமுறை எப்படி அளக்கிறது? நம் வழிகாட்டுதலில் ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினால் 10 புள்ளி.

சென்னை லயோலாவில் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இருந்தார். பாரிஸில் எலி கார்தானிடம் படித்தவர், 1937-இல் இந்தியா வந்து திருச்சியில் கொஞ்ச நாள், பிறகு லயோலா. நேர்த்தியாகப் பாடம் நடத்தியவர் என்று மாணவர்களே சொல்வதில்லை. புதிய பிரெஞ்சுக் கணிதம் இன்னது, அதற்கு எந்தப் புத்தகம், அதைத் தொடர எங்கே போகணும் என்று சொல்லத் தெரிந்தவர். சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் 1953-இல் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போனதில் அவருடைய தூண்டுதல் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் பெயரில் ஒரு தேற்றம் வந்தது. சி. பி. ராமானுஜமும் அவர் கைபட்ட பையன்தான். இவர்களுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது லயோலாவில் இல்லை, வேறிடத்தில். புள்ளிக் கணக்கில் ரசீனுக்கு இந்த மூவருக்கும் சேர்த்து சைபர். தன்னிடமே பிடித்து வைத்திருந்து ஏதோ ஒரு ஆய்வேடு எழுத வைத்திருந்தால் 30 கிடைத்திருக்கும்.

அட்டவணையை எடுத்துவிடச் சொல்லவில்லை. வாசலில் அது இருக்கட்டும். உள்ளே உட்கார்கிற மூன்று நிபுணர்களும், கூப்பிட்ட ஒவ்வொருவருடைய ஒரே ஒரு கட்டுரையை முழுசாகப் படித்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்தப் பக்கம் விண்ணப்பித்தவருக்குப் போகணும். இருபது பேர் வந்தால் ஒரு நிபுணருக்கு இருபது பக்கம். நேரமில்லை என்பார்கள். முப்பது வருஷம் சம்பளம் வாங்கப்போகிற ஒருவரைத் தேர்ந்தெடுக்க இருபது பக்கம் எழுத நேரமில்லாதவர் எதற்கு அந்தக் குழுவில் இருக்கிறார் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.