தேடிவிட்டு வா

எரிக் ரேமண்ட் 2001இல் எழுதிய, சாமர்த்தியமாகக் கேள்வி கேட்பது பற்றிய கட்டுரை மீது நம் ஐ.சீ.ரி. ஆசிரியர்களுக்கு இன்னும் மோகம் தீரவில்லை. அட்டாளைச்சேனையில் ஒரு மாலை வகுப்பில் அதன் சாரத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதல் வரி: தேடிவிட்டுக் கேள்.

கட்டுரையில் நல்லது இருக்கிறது. ஊகத்தை விட்டுக் கண்டதைச் சொல் என்கிறது. திரையைச் சரித்துப் படமெடுத்து, "வேலை செய்யுதில்ல" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போடும் பிள்ளைகளோடு மாரடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பதில் சொல்கிறவரின் நேரமும் நேரம்தான்.

என் வழக்கு அந்த முதல் வரியோடு.

அன்று உயர்தர மாணவன் ஒருவன் பைத்தானில் 'இன்புட்' கொண்டு இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் செய்நிரல் எழுதியிருந்தான். 5 கொடுத்தான், 3 கொடுத்தான். 53 வந்தது. வழுச் செய்தி எதுவும் இல்லை. (பைத்தான் 2இல் இதே 'இன்புட்' 8 தந்திருக்கும். 2008இல் வந்த பைத்தான் 3 எதைத் தட்டினாலும் சரமாக, அதாவது எழுத்துக் கோவையாகத்தான் வாங்கும். பழைய நோட்ஸ் வைத்துப் படிப்பிக்கிறவர்கள் கவனிக்க.)

"சேர், கூட்டச் சொன்னா ஒட்டித் தருது."

"தேடிப் பாத்தியா மனே?" என்றார் ஆசிரியர்.

எதைத் தேடுவான்? 53 என்றா? தேட வேண்டிய சொற்கள் சரம், தரவு வகை, வகைமாற்றம், அதுவும் ஆங்கிலத்தில். அவை தெரிந்தவனுக்கு இந்தச் சந்தேகமே வராது. விடை தெரிந்தவனுக்கு மட்டும் கேட்க அனுமதி கொடுக்கும் விதியை ஒழுக்கம் என்கிறார்கள். எனக்கு அது வாசற்படியில் நிற்கும் காவற்காரனாகத்தான் தெரிகிறது. ரேமண்ட் வேற்றுமொழிக்காரரின் எழுத்துப்பிழையைக் கொஞ்சம் மன்னிக்கிறார். சொல்லே இல்லாதவனை அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பையனோ "ஒட்டுது" என்று நோயைச் சரியாகவே சொல்லிவிட்டான். அதைக் கேட்க அங்கே காது இருக்கவில்லை.

குர்ஆன் ஓதும்போது ஸீனுக்கும் ஸாதுக்கும் வேறுபாடு பிடிபடாத பிள்ளையை எந்த லெப்பையும் "கிதாபில் தேடு" என்று அனுப்புவதில்லை. தன் வாயால் ஓதிக் காட்டுகிறார், திரும்ப ஓதச் சொல்கிறார். நம் ஊரில் நூற்றாண்டுகளாக நடக்கிற விஷயம் இது.

இப்போது சட்ஜிபிடியிடம் தமிழிலேயே கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம்; முகம் சுளிக்காது. ஆனால் கேட்ட கையோடு திருத்திய செய்நிரலை நீட்டிவிடும். பையன் பிரதி பண்ணிக்கொண்டு போய்விடுவான்.

அன்று நான் அவனிடம் 12உம் 7உம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 127. கொஞ்சம் யோசித்தான். "இலக்கமா எடுக்கல்ல சேர், எழுத்தாத்தான் எடுக்குது." அதற்குப் பிறகுதான் 'சரம்' என்ற சொல்லைச் சொன்னேன். அவன் எண்களை விட்டுவிட்டுத் தன் பெயரையும் வாப்பாவின் பெயரையும் கொடுத்து ஓட்டினான். இரண்டும் இடைவெளியில்லாமல் ஒட்டி வந்தன.

"நடுவுல இடம் விடச் சொல்றது எப்பிடி சேர்?"