ஆடுவது எஞ்சினா, மவுண்டிங்கா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னையோடு மின்கம்பங்களும் படுத்துவிட்டன. கரண்ட் எப்போது வரும் என்று கேட்பதையே ஜனங்கள் நிறுத்திவிட்ட நாட்கள் அவை. குடிக்கவும் மாட்டுக்கும் தண்ணீர் வேண்டும். மோட்டார் கொட்டகை மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த ஆயில் எஞ்சின்களை இழுத்துப் போட்டார்கள். எங்கள் சித்தப்பா வீட்டு எஞ்சினும் அப்படி வெளியே வந்ததுதான். ஒற்றை சிலிண்டர், 1500 சுற்று. பழைய மேடையின் போல்ட்டுகள் துருவில் கரைந்து போயிருந்ததால் எஞ்சினையும் பம்பையும் ஒரு சேனல் சட்டத்தில் ஏற்றி, சட்டத்தின் நாலு மூலைக்கும் அடியில் பழைய லாரி டயரை வெட்டித் துண்டு வைத்தார் மெக்கானிக். "ரப்பர் குடுத்தாச்சு தம்பி, இனிமே ஆட்டம் இருக்காது" என்றார்.

ஆட்டம் இருந்தது. டேங்க் மூடிமேல் வைத்த ஸ்பேனர் ஊர்ந்து ஊர்ந்து விளிம்புக்குப் போய் விழுந்தது. மூன்றாம் நாள் டெலிவரி குழாயின் ஃபிளாஞ்ச் ஓரத்தில் கீறல் விட்டது. டயர் கெட்டி, இன்னும் மெத்தென்ற ரப்பராக மாற்றினால் சரியாகும் என்றார் அவர். சித்தப்பா பொறுமை இழந்து நாலு துண்டையும் பிடுங்கி எறிந்தார். சட்டத்தைப் பழைய மேடைமேலேயே புதுப் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னார். பாதிக்கு மேல் ஆட்டம் அடங்கியது.

எஞ்சின் ஆடினால் ரப்பரை மாற்று, ரப்பர் இல்லையென்றால் ரப்பர் வை என்பது டெல்டாவில் பட்டறைக்குப் பட்டறை கேட்கிற வைத்தியம். அறுவடை மிஷினுக்கும் இதேதான், பவர் டில்லருக்கும் இதேதான். கொஞ்ச காலமாக வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறவர்களின் அனுபவங்களைப் படித்துவருகிறேன். அங்கும் முதல் சந்தேகம் மவுண்டிங் ரப்பர்மேல்தான் விழுகிறது. ஆகவே இந்த வைத்தியத்தைக் கொஞ்சம் கறாராகவே எடைபோட வேண்டியிருக்கிறது.

டயர் துண்டு ஏன் தோற்றது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்ததில் எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். எஞ்சினின் பாரத்தில் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8 என்ற எண்ணை வகுத்தால், அந்த எஞ்சின் அந்த ரப்பரின்மேல் தானாக விநாடிக்கு எத்தனை தடவை குதிக்க விரும்புகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். நூலிழை அடுக்குகள் கொண்ட லாரி டயர் லேசில் அமுங்காது. பாரத்தோடும் பாரமில்லாமலும் வெர்னியர் வைத்துப் பார்த்ததில் ஏறக்குறைய 0.4 மி.மீ. வித்தியாசம் வந்தது. கணக்குப் போட்டால் விடை 25. நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது விநாடிக்கு 25 சுற்று. பிஸ்டன் ஏறி இறங்கும் உதறலும் அதே 25. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டால் என்ன ஆகுமோ, அதைத்தான் நாங்கள் காசு கொடுத்துச் செய்திருந்தோம்.

அப்படியானால் இன்னும் மெத்தென்ற ரப்பர் என்று மெக்கானிக் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அதாவது 1500 சுற்றில் விநாடிக்கு 12.5 அடி. இந்த அடி தரைக்குப் போகாமல் தடுக்க வேண்டுமானால் ரப்பரின் இயல்புத் துடிப்பு கிட்டத்தட்ட 8.8க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு ரப்பர் மூன்றேகால் மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அவ்வளவு தளர்ந்த ரப்பரில் எஞ்சின் நின்றால் அதோடு சேர்ந்து குழாயும் ஆடும். இரும்புக் குழாய் அதைப் பொறுத்துக்கொள்ளாது, நடுவில் ரப்பர் ஹோஸ் கொடுக்க வேண்டும். ஆக, ரப்பரை மட்டும் மாற்றுவது பாதி வைத்தியம். நிரந்தரமாக ஓரிடத்தில் ஓடும் பம்பு செட்டுக்கு அந்தச் சிரமம் தேவையே இல்லை என்பது என் கட்சி.

ரப்பரே வேண்டாம், கான்கிரீட் மேடையில் பூட்டு என்கிற கட்சிக்காரர்களையும் முழுசாக நம்ப முடியாது. எஞ்சின், பம்பு எடையைப்போல் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு எடை மேடைக்கு வேண்டும் என்பது பழைய விதி. 150 கிலோ சாமானுக்கு 1.2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 செ.மீ. ஆழம் போட்டால் ஏறத்தாழ 575 கிலோ வரும், போதும். ஆனால் எங்கள் பக்கம் பலர் எஞ்சினுக்கு ஒரு மேடை, பம்புக்கு ஒரு மேடை என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். பழைய டெல்டாவின் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மேட்டூர் தண்ணீர் வந்ததும் ஊறி உப்பும் மண். இரண்டு மேடையும் இரண்டு விதமாகச் சாயும். ஷாஃப்ட் நேர்கோடு போய்விடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கப்ளிங்குக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போல் கருப்புப் பொடி கிடந்தால், புஷ் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் மவுண்டிங் இல்லை, கோணல்.

இதனால்தான் ரப்பரைத் தொடுமுன் செய்ய வேண்டிய இரண்டு மூன்று சோதனைகளை நான் பெரிதாக மதிக்கிறேன். கப்ளிங்கைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்ப்பது ஒன்று. ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி பம்போ நேர்கோடோதான். அடிப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது இன்னொன்று. ஏதாவது ஒரு மூலை லேசாக எழும்பினால் அந்தக் கால் தரையில் பாவவில்லை, போல்ட்டுதான் வளைத்துப் பிடித்து வைத்திருந்தது என்று அர்த்தம். அதற்கு மருந்து மெல்லிய தகடு, ரப்பர் அல்ல. மூன்றாவதுக்குச் செலவே இல்லை. எஞ்சினை நிறுத்தும்போது கவனியுங்கள். சுற்று இறங்கி வருகையில் ஓரிடத்தில் மட்டும் பேய் பிடித்தாற்போல் உதறி, பிறகு சாதுவாகிறதா? அந்த இடம்தான் மவுண்டிங்கின் இயல்புத் துடிப்பு. அது வேலை செய்கிற சுற்றுக்கு வெகு கீழே இருந்தால் ரப்பர் தன் கடமையைச் செய்கிறது, அதைத் திட்டாதீர்கள்.

ரப்பருக்கு நியாயமான வழக்கு அறுவடை மிஷினில் இருக்கிறது. பல சிலிண்டர், வேகமான வெடிப்பு, முறுக்கிக்கொள்ளும் சட்டம். அங்கே கெட்டியாகப் பூட்டினால் சட்டத்தின் முறுக்கலெல்லாம் எஞ்சின் காலில் வந்து விழும். ஆனால் அங்கும் ரப்பர் தானாகச் சாவது அபூர்வம். டீசல் கசிந்து சொட்டினால் சாதாரண ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, அல்வா மாதிரி ஆகிவிடும். கசிவை நிறுத்தாமல் ரப்பரை மட்டும் மாற்றினால் அடுத்த சீசனில் அதே வேலை மறுபடியும் வரும்.

இனி ஆகாயம். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 படையணி வந்த பிறகு எங்கள் வயலுக்கு மேலே சத்தத்துக்குப் பஞ்சமில்லை. நான் சொல்வது அதை அல்ல. மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் அமோல் யாதவ் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, 2016இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்து, 2017இல் பதிவும் வாங்கினாரே, அந்த மாதிரி கைவேலையைச் சொல்கிறேன். உலகெங்கும் இப்படிக் கட்டுகிறவர்களிடம் பிரபலமானவற்றில் ஒன்று லைகமிங் ஓ-320. எதிரெதிர் படுத்த நாலு சிலிண்டர், உச்சத்தில் 2700 சுற்று, விநாடிக்கு 90 வெடிப்பு. எங்கள் 12.5 எங்கே, 90 எங்கே! இத்தனை வேகமான அடியை ரப்பர் சுலபமாக மறித்துவிடும். ரப்பர்களின் அச்சுகள் எஞ்சினின் எடை மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வளையச் சட்டம் செய்கிறார்கள். எஞ்சின் தன்னைச் சுற்றியே லேசாக உருளலாம், மூக்கு ஆடாது. ரப்பரின் பெருமை முழுதாகத் தெரிகிற இடம் இது.

அங்கே வருகிற புகார்களில் பாதி அழகு சம்பந்தப்பட்டது என்பேன். சில மாதத்தில் ரப்பர் கொஞ்சம் அமுங்கும். ப்ரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு, எஞ்சின் மூடியின் விளிம்பைவிட நாலைந்து மில்லிமீட்டர் கீழே தொங்கும். கீழ் ரப்பர்களுக்குப் பின்னே வாஷர் வைத்தால் நிமிர்ந்துவிடும். இதற்காக ரப்பர் முழுவதையும் மாற்றுவது வீண்செலவு. அதிர்வு என்று வந்தால் முதலில் ப்ரொப்பெல்லர் சமநிலை, பிளக், புகைக்குழாய் எதையாவது உரசுகிறதா என்று பார்ப்பது. இதுவரை எங்கள் கொட்டகை வரிசை அப்படியே பொருந்துகிறது. மூலத்தைப் பார், நேர்கோட்டைப் பார், போல்ட்டைப் பார், ரப்பரைக் கடைசியில் பார்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அந்த வரிசை தலைகீழாகிறது, என் தீர்ப்பின் கனமான பகுதியும் அதுதான். பம்பு செட்டின் மேடை விரிசல் விட்டால் தண்ணீர் நிற்கும். விமானத்தின் மவுண்டிங் அதிர்வைத் தடுக்க மட்டும் அங்கே இல்லை, எஞ்சினைச் சுமக்கவும் இருக்கிறது. 125 கிலோ எஞ்சின், சாதாரண வகை விமானத்துக்கு வகுத்த 3.8 மடங்கு பாரத்தில் 475 கிலோவாகத் தொங்கும். அதைத் தாங்குவது ஒரு மில்லிமீட்டர் சுவர்கூடப் பல இடத்தில் இல்லாத குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய். கீறல் பெரும்பாலும் வெல்டிங்கை ஒட்டி, சூடு பட்ட ஓரத்தில் ஆரம்பிக்கும். வயரைக் கட்டிய நைலான் டை, இடுக்கில் புகுந்த மண்ணோடு சேர்ந்து அரம்போல் குழாயை அரைத்துவிடுவதும் உண்டு. ஆகவே ஆட்டம் புதிதாக வந்தால், சமநிலை, பிளக் எல்லாவற்றுக்கும் முன்னால் மூடியைக் கழற்றி, டார்ச் வைத்து ஒவ்வொரு முடிச்சையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சாயம் தடவிப் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் மவுண்டிங்குக்கு வெளிர் நிறப் பெயின்ட் அடிப்பது இதற்காகத்தான். துருக்கோடு வெள்ளையில் பளிச்சென்று தெரியும், கருப்பில் ஒளிந்துகொள்ளும்.

கீறல்மேல் அப்படியே ஒரு வெல்டிங் வைத்துவிட்டுப் பறக்கலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எஞ்சினை இறக்கி, சட்டத்தைக் கழற்றி, அளவு மாறாமல் ஜிக்கில் பூட்டி, அந்தக் குழாயையே மாற்ற வேண்டும். சித்தப்பா செய்ததுபோல் பிடுங்கி எறிந்து, ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வசதி தரையில் நிற்கிற எஞ்சினுக்கு மட்டும்தான் உண்டு.