சீமைக் கருவேலத்தை எங்கிருந்து வெட்டுவது?

2017 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தன் எல்லைக்குட்பட்ட 13 மாவட்டங்களிலும் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. வைகோ தொடுத்த வழக்கு. விருதுநகர் மாவட்டத்திலும் ஜேசிபி இறங்கியது. அதே வருஷம் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்டது. (இந்த மரம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும்னு அப்போ வாட்ஸ்அப்பில் சுத்தின கதை தனி.)

2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. வரவேற்கிறேன். அதில் முன்னுரிமை இனங்களின் பட்டியல் இருக்கு. ஆனால் இனத்தை வரிசைப்படுத்துவது பாதி வேலைதான். சாத்தூரில் வைப்பாற்றுக்குள் மண்டிக்கிடப்பதும், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்துக்காகப் பட்டா நிலத்தில் விட்டுவைத்திருப்பதும், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரக் கண்மாயின் வரத்துக்காலில் புதுசா முளைக்கிற பத்துக் கன்றும் அந்தப் பட்டியலில் ஒரே வரி.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பக் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கட்டம், எதை முதலில் சரிசெய்யணும் என்பதற்கு வேறொரு கட்டம். ரெண்டும் ஒண்ணில்லை.

மூடி, மேக் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரிய தோப்பின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருப்பதைவிட, தள்ளித் தள்ளி முளைக்கும் சிறு கூட்டங்களை அழித்தால்தான் பரவல் அதிகம் குறையும். கலிஃபோர்னியாக்காரர்கள் 2011-ல் வெளியிட்ட 'விப்பெட்' முறை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியா மதிப்பெண் போடுகிறது: பாதிப்பு எவ்வளவு, எவ்வளவு பரவும், ஒழிக்க முடியுமா.

சீமைக் கருவேலத்துக்கு இது அப்படியே பொருந்தும். நெற்றை ஆடு மாடு தின்னும், விதை சாணியோடு வந்து முளைக்கும், மிச்சம் வெள்ளத்தோடு கீழே போகும். மலையடிவாரத்தை விட்டுட்டு சாத்தூர் ஆற்றைச் சுத்தம் பண்ணினால், அடுத்த வெள்ளத்தில் திரும்ப விதைப்புதான். தூரோடு எடுக்காமல் வெட்டினாலோ, அடிமரமே துளிர்த்துவிடும். பத்துக் கன்றை ரெண்டு பேர் ஒரு நாளில் பிடுங்கிடலாம். அதுவே முற்றின தோப்பானால் மிஷின் வேணும், வருஷக்கணக்கில் கண்காணிப்பும் வேணும்.

விப்பெட்டை அப்படியே இங்கே இறக்கவும் முடியாது. அது ஒழிப்பதற்கென்றே செய்த முறை; மரத்தை வைத்துப் பிழைக்கிறவரை எடைபோட உருவாக்கியதில்லை. இந்த வானம் பார்த்த பூமியில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகாதவங்களில் பலருக்குக் கரிமூட்டமும் விறகும்தான் கூலி.

என் வரிசையில் மலையடிவார ஓடைகளும் வரத்துக்கால்களும் முதலில், கண்மாய் உள்வாய் அடுத்து, ஆறு அதுக்கப்புறம். திருச்சுழி குண்டாற்று வடிநிலம்; அங்கேயுள்ள பட்டா நிலத்து மரத்தின் விதை வைப்பாற்றுக்கு வெள்ளத்தில் வராது. கரிமூட்டக்காரங்க அதை எப்படியும் வெட்டிக்கிட்டேதான் இருக்காங்க. அங்கே போய் ஜேசிபிக்கு டீசல் ஊத்தணுமா?