ஸ்லோ கேட்கும் காது

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் அம்பாசடர் இரைந்துகொண்டே நிற்கிறது. அவசரக்காரர் உடனே ஸ்குரூ டிரைவரால், சும்மா ஓடும் எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்குரூவைத் திருகுவார். கைதேர்ந்தவர் பானெட்டைத் திறந்து, சற்று நேரம் சும்மா நின்று கேட்பார். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் அப்படிப்பட்டவரை ஆசான் என்று அழைப்பதுண்டு. களரிக்கும் வர்மத்துக்கும் உரிய சொல் அது. கார்புரேட்டருக்கும் பொருந்தித்தான் போகிறது. அங்கேயும் தொடவேண்டிய இடம் தெரிவதுதான் வித்தை.

ஸ்லோ ஸ்குரூவை முழுக்கத் தளர்த்தியும் இரைச்சல் அடங்கவில்லையென்றால் ஸ்குரூவின்மீது பழியில்லை. சோக் கம்பி பாதியில் நின்றிருக்கலாம், எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால் த்ராட்டிலும் கொஞ்சம் திறக்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளைப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் தளர்ந்தால், தீப்பொறி முந்திக்கொண்டு வேகம் ஏறும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது திருட்டுக் காற்று.

அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1,489 சி.சி. எஞ்சின், த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் மேனிஃபோல்டை மிக வலுவாக உறிஞ்சும். மயிரிழை சந்து போதும், அளக்காத காற்று புகுந்துவிடும். அந்தச் சந்தைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. கார்புரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றி, ஒவ்வொரு மூட்டாக, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டே வரவேண்டும். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று தணிந்து, எண்ணெய் உள்ளே போனதும் மறுபடி ஏறும். குற்றவாளி அங்கேதான்.

பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் த்ராட்டில் ஸ்பிண்டில். ஆண்டுக்கணக்கில் உழன்று துவாரம் முட்டை வடிவமாகிவிடும். விரலால் ஆட்டினாலே தெரியும். லேத்தில் கடைந்து புஷ் அடித்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். அல்லது, யாரோ நட்டை வெறியோடு முறுக்கியதில் கார்புரேட்டரின் அடிமுகம் வளைந்திருக்கும். அதற்குப் புது கேஸ்கட் மட்டும் போதாது. தடித்த கண்ணாடியின்மேல் வாட்டர் பேப்பரை விரித்து, அடிமுகத்தை எட்டுப் போடுவதுபோல் மெல்லத் தேய்ப்பார்கள். முதலில் மூலைகள் மட்டும் மின்னும். பள்ளம் கறுத்தே கிடக்கும். முகம் முழுவதும் ஒரே வெளுப்பாகும்வரை கை அவசரப்படக்கூடாது. அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஸ்லோ ஸ்குரூவுக்கு வேலை அதன் பிறகுதான். எஸ்.யு. என்றால் கடைசியாக ஒரு சோதனை உண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்ப்பது. வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாக எம்பி, பழைய தாளத்துக்கே இறங்கினால் ஆசான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவார்.