டெபியை யார் கேட்டார்கள்?

ஜான் ஃபோர்டு 1956-இல் எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் உச்சம் துப்பாக்கிச் சண்டைகளில் இல்லை. உள்ளறையில் மார்த்தா, கணவனின் சகோதரன் ஈத்தனின் கோட்டைத் தடவிக்கொடுக்கிறாள். முன்னறையில் காப்பி குடித்தபடி நிற்கும் கேப்டன் கிளேட்டன் பார்வையைத் திருப்பாமலே நிற்கிறார். வசனமே கிடையாது. மார்த்தாவின் குடும்பத்தைக் கமாஞ்சிப் பழங்குடியினர் கொன்று, அவள் சிறு மகள் டெபியைத் தூக்கிச் சென்றபின் ஈத்தன் ஏன் ஆண்டுக்கணக்கில் அலைகிறான் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஜான் வெய்ன் நடிப்பை மட்டமாகப் பேசுவோர் இந்த ஈத்தனைப் பார்க்க வேண்டும். செத்துக் கிடக்கும் கமாஞ்சியின் கண்களைச் சுடுகிறான்; கண்ணில்லாத ஆவி மறுவுலகம் போகாமல் அலையும் என்பது அவர்கள் நம்பிக்கையாம். அவர்களை இவ்வளவு அறிந்தவன்தான் இவ்வளவு வெறுக்கிறான். கமாஞ்சிகளோடு வாழ்ந்துவிட்ட டெபியையே கொல்லத் துணிகிறான். கதை நடப்பது டெக்சாஸில், காட்டுவதோ அரிசோனா–யூட்டா எல்லையின் மான்யுமென்ட் பள்ளத்தாக்கை. வின்டன் ஹாக்கின் ஒளிப்பதிவுக்காக அதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது லுக் என்ற பழங்குடிப் பெண்ணை நடத்திய விதம். ஈத்தனோடு டெபியைத் தேடி அலையும் மார்ட்டின் அவளை உதைத்துச் சரிவில் உருட்டுவதைச் சிரிப்புக் காட்சியாக வைத்துவிட்டு, பிறகு குதிரைப்படை அழித்த குடியிருப்பில் அவள் பிணத்தைக் காட்டி நம்மை வருந்தச் சொல்கிறது படம். கமாஞ்சித் தலைவன் ஸ்காராக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். தன் மகன்களை வெள்ளையர் கொன்றதை ஸ்கார் சொல்லும்போது படம் அவனிடம் நின்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மார்ட்டினின் காதலி லாரியின் கல்யாணக் கலாட்டா இழுவைதான். ஆனால் அங்கேதான், மணக்கோலத்தில் இருக்கும் லாரியே, டெபியைச் சுடுவதைத்தான் மார்த்தா விரும்பியிருப்பாள் என்கிறாள். வெறுப்பு ஒரு கிறுக்கனுடையது மட்டுமல்ல, ஊருடையது என்று காட்டிய துணிச்சல் அது.

முடிவில் ஈத்தன் மனம் மாறுவது திடீரென்று நடப்பதாகக் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்காரின் பிணத்திலிருந்து தலைத்தோலை அறுத்தபிறகுதான் அவன் டெபியைத் துரத்துகிறான். வெறி அங்கேயே பாதி வடிந்துவிட்டது. தூக்கியதும், தொடக்கத்தில் வீட்டுக்குள் அவளைத் தூக்கிய அதே கைகள் நினைவுக்கு வருகின்றன. காரணம் இல்லாமல் மாறுவது டெபிதான். இவர்களே என் மக்கள், போய்விடு என்று மார்ட்டினிடம் சொன்னவள், கூடாரத்தில் அவன் அழைத்ததும் மகிழ்ந்து கிளம்புகிறாள். இடையில் அவளுக்கு என்ன ஆனது என்று திரைக்கதை யோசிக்கவே இல்லை.

ஈத்தனின் படமாக இது முதல் வரிசையில் நிற்கும்; டெபியின் படமாகவோ கமாஞ்சிகளின் படமாகவோ தேறாது.