யாகூப், யாக்கோபு, சந்தியாகப்பர்: ஒரு பெயரின் பாதுகாவலர்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் கலக்கும் நீர்வாய்க்கு அப்பால் இருக்கிறது கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை அந்த நீரை மக்கள் 'பாதை' என்ற மிதவையில் ஏறித்தான் கடந்தார்கள். கிண்ணியாவின் முஸ்லிம் குடும்பங்களில் யாகூப் என்பது பழகிய பெயர். அக்கரையில் கத்தோலிக்கர் என்றால் சந்தியாகு. புரட்டஸ்தாந்தர் வீட்டில் யாக்கோபு, இல்லாவிட்டால் ஜேம்ஸ். நான்கும் ஒரே பெயர்தான். ஆயினும் முதலாவது அரபு வணிகரோடு வந்தது, மற்றவை ஐரோப்பியர் இறக்கிவிட்டுப் போனவை என்று சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இது பாதி உண்மை. ஒரு பெயர் எந்தக் கப்பலில் வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயரைச் சொல்லி யாரை நினைத்தார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்டால் கீழைத் திருச்சபைகளின், அதாவது ஓர்த்தடொக்ஸ் மரபின், புனிதர் வரிசைக்குப் போக வேண்டிவரும். அங்கிருந்து பார்க்கையில் கிண்ணியாவின் யாகூபுக்கும் கிறிஸ்தவ யாக்கோபுக்கும் உள்ள தூரம், லிஸ்பன் வழியாகப் பார்க்கும்போது தெரிவதைவிட மிகக் குறைவு என்பதே என் வாதம்.

பெயரின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். ஆதியாகமம் 25ஆம் அதிகாரம், தன் அண்ணனின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் யாக்கோபு என்று பெயர் வந்ததாகச் சொல்கிறது. எபிரேயத்தில் குதிகாலுக்கு உரிய சொல்லும் இந்தப் பெயரும் ஒலியில் ஒட்டியவை. 27ஆம் அதிகாரத்தில் ஏசா அதே பெயரை 'ஏய்த்தவன்' என்ற பொருளில் திருப்பிவிடுகிறான். ஆனால் பெயர் இந்தக் கதையைவிட முந்தியது. பொது ஆண்டுக்கு முந்திய இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்து மெசொப்பொத்தாமியக் களிமண் பலகைகளில் 'யாகூப்' என்ற உறுப்போடு தெய்வப்பெயர் சேர்ந்த ஆட்பெயர்கள் உண்டு. எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் காலத்து வண்டு முத்திரைகளில் 'யாகூப்-ஹர்' என்று ஒரு மன்னன் வருகிறான். இஸ்ரவேலரின் ஆட்பெயர்களைப் பற்றி 1928இல் நூல் எழுதிய மார்ட்டின் நோத் போன்றோர் இவற்றை வைத்து, 'இறைவன் காப்பானாக' என்ற வேண்டுதலின் சுருக்கமே யாக்கோபு என்று கொண்டனர். தென்னரபிய மொழிகளிலும் எத்தியோப்பியாவின் கீஸ் மொழியிலும் அந்த வேர் காத்தலைக் குறிப்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. எனக்கும் இதுவே ஏற்புடையது. குதிகால் கதை பெயரை விளக்க வந்ததே அன்றி, பெயர் கதையிலிருந்து வரவில்லை.

கிரேக்கத்துக்குப் போனபோது பெயர் இரண்டாகப் பிளந்தது. குலமுதல்வரை 'இயாக்கோப்' என்று மாற்றாமல் எழுதினார்கள். அதே பெயரைத் தாங்கிய சாதாரண மனிதர்களுக்குக் கிரேக்க விகுதி சேர்த்து 'இயாக்கோபொஸ்' ஆக்கினார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பிரதி இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பேணுகிறது. இலத்தீனில் 'இயாக்கோபுஸ்' பேச்சு வழக்கில் 'இயாக்கோமுஸ்' ஆகி ஜேம்ஸ் வரை போனது. ஸ்பெயினில் 'சாந்த்' என்ற அடைமொழியோடு ஒட்டி 'சந்தியாகோ' ஆனது. நம் கரையில் அதற்கு 'அப்பர்' சேர்ந்து சந்தியாகப்பர். எதெஸ்ஸாவின் சிரியாக்கத் திருச்சபை மட்டும் விகுதியும் ஒட்டும் இல்லாமல் 'யாக்கோப்' என்றே வைத்துக்கொண்டது. கிண்ணியாவில் ஒலிக்கும் யாகூபுக்கு மிக நெருங்கிய கிறிஸ்தவ வடிவம் இதுதான்.

இனி, இந்தப் பெயரின் கீழ் ஓர்த்தடொக்ஸ் மரபு யாரையெல்லாம் நிறுத்தியிருக்கிறது என்று பார்ப்போம். மேற்கில் இந்தப் பெயரை ஏறக்குறைய முழுதாக எடுத்துக்கொண்டவர் செபதேயுவின் மகன். பொது ஆண்டு 44 அளவில் ஏரோது அகிரிப்பாவின் வாளுக்கு இரையானவர். கிழக்கிலும் ஏப்ரல் 30 அவருக்கு உண்டு. ஆனால் அங்கே பெயரின் தலைமகன், ஒக்டோபர் 23இல் நினைக்கப்படும் 'ஆண்டவரின் சகோதரர்' யாக்கோபு, எருசலேமின் முதல் ஆயர். 62இல் அவர் கல்லெறியுண்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் பதிந்திருக்கிறார். மக்களுக்காக ஓயாமல் முழந்தாளிட்டதில் அவருடைய முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போலத் தடித்துப்போயின என்ற எகேசிப்புஸின் குறிப்பை யூசேபியஸ் காத்துத் தந்தார். அவர் பெயரில் வழங்கும் நற்கருணை வழிபாட்டு முறையே இன்றும் கேரளத்து மலங்கரைத் திருச்சபைகளில் முதன்மையானது; அதை அவர்கள் 'குர்பானா' என்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானும் அதே வேரில் பிறந்த சொல்தான். அவருக்குப் பின்னே 325இல் நிசேயாவில் அமர்ந்த நிசிபிசின் யாக்கோபு. பாரசீக அரசவையில் உயர்ந்திருந்து, விட்ட நம்பிக்கைக்கு மீண்டதால் 421 அளவில் உறுப்பு உறுப்பாக வெட்டப்பட்ட பாரசீக யாக்கோபு. 521இல் மறைந்த செரூகின் யாக்கோபு பெரும் சிரியாக்கக் கவிஞர். எபேசுவின் குகையில் நெடுங்காலம் உறங்கிய இளைஞர்களைப் பற்றி அவர் பாடியது, அந்தக் கதைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் முஸ்லிம் வீடுகளில் ஓதப்படும் சூரத்துல் கஹ்பு பேசும் குகைவாசிகளோடு ஆய்வாளர் ஒப்பிட்டுப் படிப்பதும் இந்தக் கதையையே. கடைசியாக யாக்கோபு பரதேயுஸ். கந்தல் சேணத்துணியைப் போர்த்துக்கொண்டு ஊர் ஊராகத் தலைமறைவாய் நடந்து, பேரரசு நசுக்கிய சிரிய ஓர்த்தடொக்ஸ் திருச்சபையை மீண்டும் கட்டியவர், 578இல் இறந்தார். அவரை ஆயராக்கும்படி கேட்டு நின்றவர் அல்-ஹாரித் இப்னு ஜபலா என்ற அரபுத் தலைவர். அந்தத் திருச்சபையினருக்கு 'யாக்கோபாயர்' என்ற பெயர் பரதேயுஸால் வந்தது. செபம், பாட்டு, பட்ட பாடு, கால்நடையாய்ப் போன ஊழியம்: இந்த வரிசையில் போர் செய்ததற்காகப் போற்றப்படுபவர் எவரும் இல்லை.

ஸ்பெயினில்தான் வாள் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கொம்பொஸ்தேலாவில் அப்போஸ்தலரின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. 844இல் கிளாவிகோ போரில் அவர் வெண்குதிரையில் தோன்றி முஸ்லிம் படையை வெட்டினார் என்று பின்னர் ஒரு கதை எழுந்தது. அப்படி ஒரு போர் நடந்ததையே வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனால் 'மூர்களைக் கொன்றவர்' என்ற பட்டம் நிலைத்தது, 'சந்தியாகோ' போர்முழக்கமாயிற்று. அந்த முழக்கத்தோடு வந்த போர்த்துக்கேயர், இங்கே கண்ட சோனகரையும் 'மூர்' என்றே அழைத்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களைக் கிழக்கே குடியேற்றியதை லோனா தேவராஜா 1994இல் வெளிவந்த தம் நூலில் விரித்திருக்கிறார். ஆகவே, சந்தியாகு என்ற பெயரில் யாகூப் என்ற பெயருடையவரை விரட்டிய வரலாறு ஒன்று உண்டு. அதைப் பூசி மெழுகக்கூடாது. அதே வேளை, இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்தில் வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத்தின் ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். கரையோர மக்கள் அந்தப் பெயரை ஐபீரியப் பொருளிலேயே ஏற்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முஸ்லிம் யாகூப் நபியின் பெயரைத் தாங்குகிறார், கிறிஸ்தவ யாக்கோபு அப்போஸ்தலரின் பெயரைத் தாங்குகிறார். வேர் ஒன்றானாலும் நினைவு வேறு அல்லவா? மேற்கு மரபுக்கு இது பெருமளவு பொருந்தும். கிழக்குக்குப் பொருந்தாது. கிரேக்க ஓர்த்தடொக்ஸ் திருச்சபை கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறுகளில் ஒன்றைக் குலமுதல்வர்களுக்கென ஒதுக்கி, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைப் புனிதர்களாகவே போற்றுகிறது. மகனை இழந்த துயரில் கண் வெளுத்துப்போய், அவன் சட்டை முகத்தில் பட்டதும் பார்வை பெற்ற யஃகூப் நபியைக் குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் காட்டுகிறது. யோசேப்பை இழந்து அழுத அந்தத் தகப்பனை ஓர்த்தடொக்ஸ் யாக்கோபு ஒருவர் தம் பாதுகாவலராகவே கொள்ளலாம். நினைவு முழுதும் ஒன்றல்ல, ஆனால் நினைக்கப்படும் ஆள் ஒருவரே.

இன்னொரு மறுப்பு: இலங்கைத் தமிழருக்கு ஓர்த்தடொக்ஸ் மரபோடு என்ன உறவு? கோவாக் குருவான அந்தோனியோ அல்வாரெஸ், கீழைத்தேயத் திருச்சபை மீது போர்த்துக்கேய அரசு கொண்டிருந்த 'பதுரவாதோ' உரிமை பற்றிய சச்சரவில் உரோமையை விட்டுப் பிரிந்து, 1889இல் கோட்டயத்தில் சிரிய ஓர்த்தடொக்ஸ் ஆயர்களால் மார் யூலியஸ் என்ற பெயரோடு கோவா, இந்தியா, இலங்கைக்கு மெத்திரப்பொலித்தாவாக அபிஷேகம் பெற்றார். 1892 மே 29இல் கொழும்பு புதுக்கடையிலுள்ள நல்மரண மாதா ஆலயத்தில் ரெனே விலாத் என்பவரை அவர் ஆயராக்கியபோது, பருமலையின் கீவர்கீஸ் மார் கிரிகோரியோசும் உடன் நின்றார். அந்த இயக்கம் இங்கே நீடிக்கவில்லை. எனினும், பரதேயுஸின் பெயரால் அழைக்கப்பட்ட திருச்சபை இத்தீவில் பலிபீடம் வைத்திருந்தது. திருகோணமலை கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது அதற்கு அடுத்த ஆண்டு, 1893இல். அந்தத் தலைமுறையின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும், அதற்கு முந்திய ஒல்லாந்தர் காலத் தோம்புப் பதிவுகளையும், கிண்ணியாவின் முஸ்லிம் திருமணப் பதிவுகளையும் ஒரே மேசையில் விரித்து, எந்த வீடு எந்த ஆண்டில் எந்த யாக்கோபைத் தேர்ந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் இந்தத் துறையில் இனிச் செய்ய வேண்டிய வேலை.